எண்பதுக்கு ஒன்று குறைவு

பிள்ளைகள் ஒரு வாத்தியார் மேல் வைக்கும் பாசத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். தனசேகர் விசாரித்துவிட்டார். பன்னிரண்டு ரூபாய். பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு சமோசா. மொத்தமாக எடுத்தால் பத்தரைக்கே படியும்.

"தினம் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்னு உக்கார வெச்சு ஆளுக்கு ஒரு சமோசா குடுத்தா, யாருக்குத்தான் கணக்குப் பிடிக்காது?" என்று மனைவி ஷீலாவிடம் பொருமினார். "நான் முகலாயர் நிர்வாகத்தை வெறும் வாயால நடத்துறேன். அந்த ஹேமநாத் அல்ஜீப்ராவைச் சட்னியோட நடத்துறான்."

"நீங்களும் ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் குடுங்களேன்."

"அது லஞ்சம்."

"அவர் குடுக்கிறது?"

"அதுவும் லஞ்சம்தான். ஆனா அவன் அதைப் பிரியம் மாதிரியே குடுக்கிறான். அதான் எரியுது."

தனசேகர் சமூக அறிவியல் நடத்தியது ஓர் அரசு மாற்று உயர்நிலைப் பள்ளியில். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லேத் பட்டறைக்கும் ஜூஸ் கடைக்கும் கல்யாணத்துக்கும் போனவர்கள் திரும்பி வந்து ஒன்பதும் பத்தும் படிக்கிற இடம். சீருடை கிடையாது, வயது வரம்பு கிடையாது, மதியம் ஒரு மணிக்குத்தான் மணியே அடிக்கும். அக்கம்பக்கத்தில் அதற்கு 'ரிட்டர்ன் ஸ்கூல்' என்று பெயர். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் கடன் வாங்கிக் கட்டிய தனசேகரின் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. இடைவேளையில் வீட்டுக்குப் போய்ச் சூடாகக் காபி குடித்துவிட்டு அடுத்த மணிக்குள் திரும்பிவிடும் அரசு ஊழியர், மாவட்டத்திலேயே தான் ஒருவர்தான் என்பது அவருடைய பெருமை.

ஆறு வருடம் இப்படிச் சுகமாக ஓடியது. போன வருடம் வாக்காளர் பட்டியல் வேலை என்று ஒரு மாதம் அவரை வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால், ஸ்டாஃப் ரூமில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த அவருடைய நாற்காலியில் ஒரு முப்பது வயதுக்காரன். சுற்றிலும் அவருடைய மாணவர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார். நான் ஹேமநாத். கணக்கும் சயின்ஸும்," என்று அவன் சட்டென எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான்.

தனசேகருக்கு வலித்தது அதுதான். எழுந்திருக்காமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று தொடங்கிய எரிச்சல். பிள்ளைகள் அவனை 'அண்ணா' என்றார்கள். இவரை 'சார்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'பானிபட்'. அவனுடைய சட்டை எந்தக் கடை, பைக்குக்கு இன்னும் எத்தனை தவணை, டப்பாவில் இன்றைக்கு என்ன பொரியல் என்பதெல்லாம் தனசேகருக்கு அத்துப்படி. மாதக் கடைசியில் ஒருநாள் அவன் "கூடுவாஞ்சேரி வரைக்கும் ஒரு வேலை" என்று கிளம்பிவிடுவான். அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று தனசேகர் முடிவு கட்டி, கற்பனையில் அவளுக்குக் கண்ணாடி கூட மாட்டிவிட்டார். பொறாமைக்காரன் நல்ல வியாபாரி இல்லை. எதிர்க்கடையின் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்; தன் கல்லாவைப் பார்க்கமாட்டான்.

ஜூன் கடைசியில் தலைமையாசிரியை மஹாலட்சுமி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி ஆபீஸ்லேர்ந்து தலை எண்ண வர்றாங்க. எண்பது பேர் இருந்தா நாம இப்படியே இருந்துக்கலாம். எழுபத்தொன்பதுன்னா கூட ஒருத்தர் உபரி."

உபரி என்ற சொல்லைக் கேட்டால் ஆசிரியர்கள் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் மிச்சமாகிற ஆசிரியரை, எங்கே ஆள் பற்றவில்லையோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கத்தரிக்காய்க்குக் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவது மாதிரி.

"இப்போ எத்தனை இருக்கு மேடம்?" என்றார் ஆங்கில ஆசிரியர் டேனியல். பதினோரு வருட சர்வீஸ். அவருக்குப் பயமில்லை.

"எழுபத்திரண்டு."

"உபரின்னா அது யாரு மேடம்?" என்று கேட்டார் தனசேகர். குரலில் அரை கிலோ வெல்லம்.

மஹாலட்சுமி பேனாவைத் திறந்தார், மூடினார். "ரூல்படி, நம்ம பள்ளிக்கூடத்துல கடைசியாச் சேர்ந்தவங்க. பேரைச் சொல்ல வேணாமே. வாய்முகூர்த்தம் பலிச்சுடும்."

டேனியல் கூரையைப் பார்த்தார். தமிழாசிரியை புஷ்பலதா தன் வளையலைப் பார்த்தாள். ஹேமநாத் தரையைப் பார்த்தான். தனசேகர் ஹேமநாத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தித்தித்தது.

புஷ்பலதா தன் முறுக்கு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துக்கங்க சார். ரெண்டா எடுத்துக்கங்க." ஏழு வருடத்தில் அவள் டப்பாவை நகர்த்தியது அதுவே முதல் முறை. காற்று நம் பக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தனசேகர் மூன்று எடுத்தார்.

வராந்தாவில் ஹேமநாத் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான். "சார், நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. எப்பாடு பட்டாவது எண்பதைத் தொட்டுடலாம். நான் இருக்கேன்."

கெஞ்சுகிறான்! நாற்காலி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறான்!

"பார்ப்போம் தம்பி," என்றார் தனசேகர், வட்டியைத் தள்ளுபடி செய்கிற சேட்டுபோல. "நம்ம கையில என்ன இருக்கு?"

ஆனால் தன் கையில் என்ன இருக்கிறது என்று அன்று இரவே யோசித்து வைத்துவிட்டார்.

படிப்பை விட்டவர்களின் பட்டியலை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஹேமநாத் வெயிலில் அலைந்து, பதினைந்தே நாளில் நாலு பேரைப் பிடித்து வந்தான். எழுபத்தாறு. தனசேகர் தன் பங்குக்கு மேற்குத் தாம்பரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த பாட்சாவிடம் போனார். அவருடைய மகள் இரம் ஒன்பதோடு நின்றுபோய் இரண்டு வருடமாகக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தனசேகர் அவளைச் சேர்க்கப் போகவில்லை. சேராமல் பார்த்துக்கொள்ளப் போனார்.

"சேர்த்தே ஆகணும்னு இல்ல பாய்," என்று ஆரம்பித்தார். "உள்ளதைச் சொல்லிடறேன். ஸ்கூல் அவ்வளவு சுகமில்ல. அஞ்சு ரூம், ரெண்டுல ஃபேன் ஓடாது. கூடப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் டயர் கடை, மெக்கானிக் ஷெட். வாத்தியாருங்களும் சுமார்தான். அதுலயும் அந்தக் கணக்கு வாத்தியார் சின்னப் பையன், அனுபவம் பத்தாது."

பாட்சா கையிலிருந்த குக்கரைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"ரிசல்ட்டும் அப்படி இப்படித்தான். அவசரமே இல்ல. அடுத்த வருஷம் கூட யோசிச்சுக்கலாம்."

"ஜஹீரா!" என்று பாட்சா உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து இவர் பேசறதைக் கேளு." பிறகு தனசேகரிடம் திரும்பினார். "சார், இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன். வாங்க வர்றவன் சரக்கை மட்டம் தட்டுவான். அது உலக வழக்கம். விக்க வந்தவனே மட்டம் தட்டுறான்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, அவன் பைத்தியம். இல்லேன்னா, சரக்கை வேற பார்ட்டிக்கு எடுத்து வெச்சிருக்கான். உங்களைப் பார்த்தா பைத்தியமாத் தெரியல. எத்தனை சீட்டு பாக்கி இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

"ஐயோ, அப்படி இல்ல பாய். நான் நிஜமாவே..." என்று தனசேகர் எழுந்தார்.

"பார்த்தியா, எந்திரிக்கிறாரு! இந்த வித்தையெல்லாம் நம்மகிட்டயேவா? உக்காருங்க சார். டீ சொல்றேன்."

ஜஹீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "வயசு வரம்பு இல்லைன்னு கேட்டில் போர்டு போட்டிருக்காமே, நிஜமா சார்?"

"எதுக்கும்மா?"

"நான் பத்தாவது பாதியில நிக்காஹ் ஆகி வந்தவ."

இரம் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ம்மா! நீயுமா? என் கிளாஸுக்கா?"

"ஏன், வீட்டுப்பாடத்தை ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாமே."

"அதுக்கில்லம்மா. பேரன்ட்ஸ் மீட்டிங்னா யாரு வருவாங்க?"

"நான் வர்றேன். ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டட்டும்," என்றார் பாட்சா.

எழுபத்தெட்டு.

மறுநாள் ஹேமநாத் தனசேகரைக் கட்டியே பிடித்துவிட்டான். "ஒரே வீட்ல ரெண்டு அட்மிஷன்! நீங்களே நேராப் போய் நின்னு பேசினீங்களாமே. பெரிய மனசு சார் உங்களுக்கு." கையில் ஒரு சமோசாவையும் திணித்தான். தனசேகர் அதைத் தின்றார். சூடாக, மொறுமொறுவென்று, நன்றாகவே இருந்தது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

உள்ளே வருகிறவர்களைத் தடுக்க முடியாவிட்டால் உள்ளே இருக்கிறவர்களை விரட்டலாம். மறுநாளிலிருந்து தனசேகர் கொடுங்கோல் ஆட்சி தொடங்கினார். தினமும் வரைபடத் தேர்வு. கங்கையைக் காவிரி இடத்தில் வரைந்தவர்கள் நூறு தரம் எழுதவேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கேட்டுக்கு வெளியே. செல்போன்கள் அனைத்தும் பீரோவுக்குள். சாவி அவர் இடுப்பில். வாரக் கடைசிக்குள் நாலு பேராவது ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

வாரக் கடைசியில் வந்தது டயர் கடை சுகுமார். இரண்டு வாலிபர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டில் நின்றான்.

"இங்க பானிபட் சார்னு ஒருத்தர் கீறாராமே, யாருப்பா?" என்று வாசலில் இருந்த கோதண்டத்தைக் கேட்டான். கோதண்டம் அலுவலக உதவியாளர். மணி அடிப்பது முதல் ஃபைல் தூக்குவது வரை எல்லாம் அவர்தான். அவர் வாயைத் திறக்காமல் தனசேகரைக் கை காட்டினார்.

"வணக்கம் சார். இவன் என் மச்சான் தீனா. பத்தொம்போது வயசு ஆவுது. வூட்ல குந்திக்கினு பகல் பூரா செல்லை நோண்டிக்கினு கீறான். சொன்னாலும் கேக்கறதில்ல, ஒரே பேஜாரு. நீ செல்லைப் புடுங்கிப் பீரோவுல வெச்சுப் பூட்டுறியாமே? அதைக் கேட்டு என் வூட்டுக்காரி அழுதுட்டா சார், சந்தோசத்துல."

"ஆனா இங்க பாடம் ரொம்பக் கஷ்டம்பா..."

"நல்லாக் கஷ்டப்படுத்து. அதுக்குத்தான் இட்டாந்தேன்."

"இன்னொருத்தர் யாரு?"

"அவன் கூட்டாளி. இவனை மட்டும் வுட்டா சுவரேறிக் குதிச்சுடுவான். ரெண்டு பேரா இருந்தா யாரு மொதல்ல குதிக்கிறதுன்னே நாள் பூரா பேசிக்கினு இருப்பானுங்க."

எண்பது.

அன்று மாலை காபிக்கு வீட்டுக்குப் போனால், ஷீலாவின் முகம் மலர்ந்திருந்தது. "எண்பது ஆயிடுச்சாமே! ஹேமநாத் இந்தப் பக்கமா வந்தவர் சொல்லிட்டுப் போனாரு. இனிமே கவலை இல்லேன்னாரு. அவர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"அவனுக்கு என்ன கவலை இனிமே?"

"அப்படியே நம்ம மிக்ஸியையும் கழட்டிச் சரி பண்ணிக் குடுத்துட்டாரு."

"மிக்ஸி ரிப்பேர்னு என்கிட்ட சொல்லவே இல்லியே!"

"ஆறு மாசமாச் சொல்றேன்."

தனசேகர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பிள்ளைகளைப் பிடித்தான், பொறுத்தார். மிக்ஸி வரைக்கும் வந்துவிட்டான். இனி பொறுப்பதற்கில்லை. எண்பதில் ஒன்று குறைந்தாக வேண்டும். ஒன்றே ஒன்று.

பதிவேட்டை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பத்து நாலாவது பெயரில் விரல் நின்றது. முத்தாலம்மாள்.

முத்தாலம்மாளுக்கு முப்பத்தாறு வயது. கோவளம் பக்கத்தில் மீனவக் குப்பம். விடியற்காலையில் கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, வண்டலூருக்கு ஒரு பஸ், பெருங்களத்தூருக்கு இன்னொரு பஸ் பிடித்து வருவாள். காலிக் கூடையை வராந்தாவில் கவிழ்த்துவிட்டு மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள். பத்தாவது பாஸ் செய்தால் அங்கன்வாடியில் வேலைக்கு மனுப் போடலாம் என்று கனவு.

"ஏம்மா, கேளம்பாக்கத்துலயே இதே மாதிரி ஸ்கூல் இந்த ஜூன்ல தொறந்திருக்காங்களே," என்றார் தனசேகர், தேன் குழைத்து. "எதுக்கு ரெண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் அலையுற?"

"தெரியும் சார். ஆனா அங்க ஹேமநாத் அண்ணன் இல்லியே. எனுக்கு பின்னமே ஏறாது சார். அண்ணன்தான் அரைக் கிலோ வஞ்சிரம், கால் கிலோ வஞ்சிரம்னு சொல்லிச் சொல்லி மண்டையில ஏத்துச்சு."

அவன் இவளைவிட ஆறு வயது சின்னவன். இவளுக்கும் அவன் அண்ணன்! தனசேகருக்குக் காது சுட்டது.

"அங்கயும் நல்ல வாத்தியார் வருவாரும்மா."

"வருவாருன்றே?"

"கண்டிப்பா வருவாரு. இது என் வாக்கு."

முத்தாலம்மாள் யோசித்தாள். இரண்டு பஸ் மிச்சம். மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் இஷ்டம் சார். நீ சொன்னா எனுக்கு நல்லதாத்தான் இருக்கும்," என்றாள்.

ஜூலை முப்பத்தொன்று. மாற்றுச் சான்றிதழைத் தானே எழுதி, கையெழுத்துக்கு மஹாலட்சுமியிடம் நீட்டினார்.

"தனசேகர் சார், நாளைக்குத் தலை எண்றாங்க. இது போனா எழுபத்தொன்பது. யோசிச்சுத்தான் செய்றீங்களா?"

"அந்தம்மா ரெண்டு பஸ் மாறி வருது மேடம். நம்ம எண்ணிக்கைக்காக ஒரு ஏழையை அலைய விடலாமா? மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கே."

மஹாலட்சுமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். "இந்த நேரத்துல இப்படி ஒரு மனசு வருமா சார் ஒருத்தருக்கு?" கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தனசேகர் அத்தோடு விடவில்லை. மனம் மாறிவிடப் போகிறாளே என்று முத்தாலம்மாளையும் கூடையையும் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் போனார். கூடைத் தண்ணீர் அவருடைய பேன்ட்டின் பின்பக்கம் முழுவதும் இறங்கியது. வழியெல்லாம் சிக்னலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். கண்டிகையில் ஒரு பூனை கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தது. அங்கே சேர்க்கை எண் எழுதும் வரை பக்கத்திலேயே நின்றார். அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் ஏனோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஸ்டாஃப் ரூம் கலங்கிக் கிடந்தது.

"சார், ஒண்ணு குறையுது!" என்று ஓடி வந்தான் ஹேமநாத். சட்டையெல்லாம் வியர்வை. "நீங்க கிளம்பினதுலேர்ந்து இரும்புலியூர் வரைக்கும் சுத்திட்டேன், ஆள் கிடைக்கல. ஆனா ஒரு வழி இருக்கு. நம்ம கோதண்டம் அண்ணன் ஒன்பதாவது ஃபெயில்! வயசு வரம்பும் இல்ல. அவரையே சேர்த்துடலாம்."

"நான் ரெடி சார்," என்றார் கோதண்டம். "பெல்லும் அடிச்சுக்கினு பாடமும் கேட்டுக்கினு இருப்பேன். எனுக்கு இன்னா நஷ்டம்?"

இது தனசேகரின் கணக்கிலேயே இல்லை. பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரே ஸ்கூல்ல ஒருத்தர் வேலைக்காரராவும் மாணவராவும் இருக்க முடியாது. அது ரூலுக்கு விரோதம். நாளைக்கு எல்லாரும் மாட்டுவோம். நேர்மைன்னு ஒண்ணு இருக்கு."

ஹேமநாத் அவரை நம்பமுடியாமல் பார்த்தான். "நீங்களா சார் இதைச் சொல்றீங்க?"

"நானேதான்."

டேனியல் எழுந்து வந்து அவருடைய தோளைத் தொட்டார். "இருபது வருஷமா வேதாகமம் வாசிக்கிறேன் தனசேகர். அதுக்கு அர்த்தம் இன்னைக்குத்தான் நேர்ல பார்த்தேன்." புஷ்பலதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டப்பாவையே அவர் மடியில் வைத்துவிட்டாள். இதில் பாதி மரியாதை இந்த ஒரு வருடமும் கிடைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாமே என்று தனசேகருக்குக் கொஞ்சம் மனசு இளகியது. கொஞ்சம்தான். முறுக்கைத் தின்றார்.

மறுநாள் மதியம் ஆய்வு அலுவலர் அபிதகுஜாம்பாள் வந்தார். ஒல்லியான உருவம், தடித்த பதிவேடு. வகுப்பு வகுப்பாகப் போய்ப் பென்சிலால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். ஜஹீராவிடம் வந்ததும் பென்சில் நின்றது.

"நீங்க பேரன்ட்டா?"

"லாஸ்ட் பெஞ்ச் மேடம்," என்றாள் ஜஹீரா, எழுந்து நின்று. பக்கத்தில் இருந்த இரம் முகத்தை நோட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் எழுபத்தொன்பது.

"ஒண்ணே ஒண்ணு மேடம்," என்று ஹேமநாத் கையைக் கூப்பினான். "ஒரு வாரம் டைம் குடுங்க. நான் எங்கிருந்தாவது கொண்டு வந்துடறேன்."

"ஆகஸ்ட் ஒண்ணுன்னா ஒண்ணுதான் சார். நான் எண்ண வந்தவ, தர வந்தவ இல்ல." அலுவலகத்துக்குப் போன் செய்தார், தாளில் எழுதினார், சீல் குத்தினார், மஹாலட்சுமியிடம் நீட்டினார். மஹாலட்சுமி அதை வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தனசேகர் இந்த வேளைக்குத்தான் காத்திருந்தார். சண்முகம் சாலையில் இருநூற்றைம்பது சொன்ன சால்வையை நூற்றுநாற்பதுக்குப் பேசி வாங்கி, பைக்குள் தயாராக வைத்திருந்தார். வென்றவன் தோற்றவனுக்குச் சால்வை போடுவதில் உள்ள ருசி சமோசாவில் கூட இல்லை. எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! வந்தவர் எல்லாம் தங்கிவிட்டால் வருபவருக்கு இடமேது? கடைசியில் வந்தாலும் நம் உள்ளங்களில் முதலிடம் பிடித்த அன்புத் தம்பி ஹேமநாத் அவர்கள் எங்கே சென்றாலும், இந்தப் பள்ளியை, குறிப்பாக மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியை, மறக்கமாட்டார்."

சொல்லிக்கொண்டே சால்வையை உதறி, ஹேமநாத்தின் தோளில் இரண்டு சுற்றாகச் சுற்றினார். யாரும் கை தட்டவில்லை. ஹேமநாத் திடீரென்று அவர் மேல் சாய்ந்து குழந்தை மாதிரி விசும்பத் தொடங்கிவிட்டான்.

"இந்த நிலைமையிலயும் எனக்குப் போடுறீங்களே சார்!"

"பரவாயில்ல தம்பி. பழகிடும்," என்று முதுகைத் தட்டினார் தனசேகர்.

அபிதகுஜாம்பாள் புருவத்தைச் சுருக்கினார். மஹாலட்சுமி தாளைக் கோதண்டத்தின் கையில் திணித்து, "என்னால முடியாதுப்பா. நீயே சொல்லிடு," என்றார்.

கோதண்டம் தாளை எட்டப் பிடித்து ஒரு தடவை வாசித்தார். சால்வையைப் பார்த்தார். தனசேகரைப் பார்த்தார்.

"ஆளை மாத்திப் போத்திட்டீங்களே சார்! ஹேமநாத் சாரு டெபுடேஷன்ல வந்தவரு, அவரு பேரு கூடுவாஞ்சேரி ஸ்கூல் கணக்குல கீது. நம்ம கணக்குல டேனியல் சாரு ஒண்ணு, புஷ்பலதா மேடம் ரெண்டு, கடைசியா நீங்க மூணு, எழுபத்தொம்போது புள்ளைக்கு ரெண்டு போஸ்ட்டுதான். உங்களை இங்கயே நிறுத்திக்கத்தான் இவரு ஒரு மாசமா வெயில்ல அலைஞ்சாரு. ஆனா நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், நேத்து கேளம்பாக்கத்துல யாரோ ஒரு புண்ணியவான் மீன்கார அம்மா ஒண்ணை ஸ்கூட்டர்ல இட்டாந்து சேத்ததுல அங்க எண்பது ஆயி, இன்னொரு வாத்தியார் போஸ்ட்டு வந்துடுச்சாம், இங்க ஒரு புள்ள ஒரு வாத்தியார் கழிச்சு, அங்க ஒரு புள்ள ஒரு வாத்தியார் கூட்டி, ரெண்டு ஸ்கூல் கணக்கும் நேராயிடுச்சு."